தேவாங்குக்குக் குரல் தேர்ந்த வரலாறு

ஜாவாத் தீவின் அம்பராவா தொழிற்கல்விப் பள்ளியில் ஓட்டல் பணி படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் இபு முர்தினி, அதாவது முர்தினி அம்மா, அந்தச் சனிக்கிழமை காலை சலாத்திகாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டி வந்ததற்கு ஒரே காரணம்தான். அவளுடைய பள்ளிக் கணினிகளில் சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை கேட்டல் தேர்வு. கணினிக்குள்ளிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தொலைந்துபோன பெட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் கவலைப்படுவார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு, பெட்டி என்ன நிறம், யாருடையது, எங்கே வைத்தது என்று எழுத வேண்டும். அந்த மதிப்பெண் இல்லாத பிள்ளையைப் பாலியின் ஓட்டல்கள் பயிற்சிக்கு எடுப்பதில்லை. ஆனால் போன மாதம் கணினிகளில் புதுப் பதிப்பு ஏறியதிலிருந்து அந்த ஆணும் பெண்ணும் வாயைத் திறக்கவே இல்லை.

அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை. கணினிக் கடைக்காரரை அழைத்து வந்தாள். அவர் எதையோ ஏற்றினார், சத்தம் வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அணைத்துப் போட்டதும் சத்தம் போய்விட்டது. மாவட்ட அலுவலகம் பள்ளிக் கணினிகளை உறையவைத்துத் தந்திருந்தது. மாணவன் விளையாட்டை ஏற்றினாலும் ஆசிரியர் பாட்டை ஏற்றினாலும், மறுபடி போடும்போது அதெல்லாம் அழிந்து, வந்தபடியே வந்து நிற்கும். தேர்வு தொடங்கும்போது கணினி தானாக ஒருமுறை அணைந்து எழும் என்பது காப்பியடிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு.

"வந்தபடி என்ன இருக்கோ அதான் இபு உங்களுக்கு. அதை மாத்தணும்னா அனுப்புறவங்ககிட்டதான் சொல்லணும்," என்றார் கடைக்காரர்.

அனுப்புகிறவர்களின் பெயர் குக்காங் லினக்ஸ். குக்காங் என்றால் தேவாங்கு. யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் சம்பளம் வாங்காத, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம் அது. தேவாங்கைச் சின்னமாகத் தேர்ந்தெடுக்க மூன்று மாநாடுகள் ஆயின என்றும், இயங்குதளத்தின் வேகத்தைக் குறிக்கும் விலங்காக அது ஒருமனதாக ஏற்கப்பட்டது என்றும் அவர்களுடைய இணையதளம் பெருமையோடு சொன்னது. நாமாக எதையும் தேர்ந்தெடுக்காதபோது கணினி தானாக எடுத்துக்கொள்வது எதுவோ, அதற்கு டீஃபால்ட் என்று பெயர். எழுதுவதற்கு எந்த நிரல், படம் பார்ப்பதற்கு எந்த நிரல், ஒலிக்கு எந்த நிரல் என்பதையெல்லாம் ஆளுக்கு ஒரு நிரல் தொகுப்பைப் பராமரிக்கும் குக்காங் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். இந்த ஆண்டு அந்தக் கூட்டம் அந்தச் சனிக்கிழமை, சலாத்திகாவில்.

மின்சார அலுவலகத்துக்குப் போவதுபோல நினைத்துத்தான் முர்தினி கிளம்பினாள். போய்ச் சொன்னால் யாரோ ஒரு பொத்தானை அழுத்துவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

கூட்டுறவுச் சங்க மண்டபத்தின் வாசலில் பெரிய துணிப் பதாகை. 'ஒற்றுமையின் டீஃபால்ட்டை நோக்கி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தேவாங்கு கண்ணை விரித்துக்கொண்டு கிளையைப் பிடித்திருந்தது. பதிவு மேசையில் இருந்த செயலாளர் பயு, சிற்றுண்டிப் பெட்டிகளை இரண்டு கோபுரமாக அடுக்கிவைத்திருந்தார்.

"எந்தத் தொகுப்பைப் பராமரிக்கிறீங்க இபு?"

"நான் முப்பது பிள்ளைங்களைப் பராமரிக்கிறேன்."

பயு மடிக்கணினியில் தேடிப் பார்த்தார். "அப்படி ஒரு தொகுப்பு இல்லையே. அப்ப நீங்க முழுப் பங்கேற்பாளர் இல்லை. பார்வையாளர்." இடப்பக்கக் கோபுரத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "பார்வையாளர் பெட்டியில வாழையிலையில சுத்தின லெம்பெர் சோறு மட்டும்தான் இருக்கும். பொரிச்ச ரிசோல் முழுப் பங்கேற்பாளருக்கு."

"எனக்கு ரிசோல் வேணாம் மாஸ். சத்தம்தான் வேணும்," என்றாள் முர்தினி, அண்ணன் முறை வைத்து.

"ஐயோ, அதை இங்க சொல்லிடாதீங்க," என்று பயு குரலைத் தாழ்த்தினார். "அது ரொம்ப நுட்பமான விஷயம்."

*

மேடையில் தலைவர் பாக் விரத்மோ, அதாவது விரத்மோ ஐயா, இருந்தார். நல்ல பத்திக் சட்டை. அதைவிட நல்ல மரச் சுத்தியல். குக்காங் கூட்டத்தில் சுத்தியலுக்கு இருக்கும் மரியாதை மனிதர்களுக்குக் கிடையாது. ஒரு தட்டு தட்டினால் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு தட்டு என்றால் கூட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று என்றால் தொடக்கம், அல்லது முடிவு. இதில் முக்கியமான விதி ஒன்று: இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தியவர் எவரோ, அவரேதான் மறுபடி இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தத்தை நீக்க வேண்டும். அதுவரை அந்த மண்டபத்தில் எது பேசினாலும் அது அரட்டைதான்.

"மதிப்புக்குரிய பராமரிப்பாளர்களே, மதிப்புக்குரிய ஆவணக் குழுவினரே, மதிப்புக்குரிய மொழிபெயர்ப்புக் குழுவினரே," என்று விரத்மோ தொடங்கி, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் மதித்து முடிப்பதற்குள் முர்தினி லெம்பெரைத் தின்று வாழையிலையை மடித்தும் வைத்துவிட்டாள். "போன வருஷம் மதியச் சாப்பாட்டுக்காக நான் கூட்டத்தை நிறுத்திவெச்சேன். அப்புறம் மழை வந்துச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்க. ஆக, விதிப்படி பார்த்தா நாம ஒரு வருஷமா சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். எல்லாரும் திருப்தியா சாப்பிட்டிருப்பீங்கன்னு நம்புறேன். இப்ப நிறுத்தத்தை நீக்குறேன்."

தொக், தொக்.

மண்டபம் கைதட்டியது.

போன வருடம் பாதியில் நின்ற விஷயம் ஒலி நிரல்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லி முர்தினி தெரிந்துகொண்டாள். 'மத்தளம்' என்று பழைய நிரல் ஒன்று இருந்தது. 'புல்லாங்குழல்' என்று புதிய நிரல் ஒன்று வந்தது. ஒரு பதிப்பில் ஒன்றுதான் டீஃபால்ட்டாக இருக்க முடியும். முடிவு எட்டாத நிலையில் பதிப்பை வெளியிட வேண்டிய நாள் வந்துவிட்டது. எந்தத் தரப்பின் மனமும் புண்படக்கூடாது என்று இரண்டையும் எடுத்துவிட்டு வெளியிட்டார்கள்.

"அப்ப வேணும்னேதான் சத்தம் இல்லையா?" என்றாள் முர்தினி.

"சத்தம் இல்லைன்னு சொல்லக்கூடாது இபு. நடுநிலைன்னு சொல்லணும்."

"இன்னைக்கு முடிவு பண்ணிட்டா எங்க பள்ளிக்கூடத்துக்கு எப்ப வரும்?"

"ஒரு தட்டு விழுந்தாப் போதும். நாளைக்கே திருத்தம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போயிடும். அந்த விஷயத்துல நாங்க ரொம்ப வேகம்."

ஒரு தட்டு. முர்தினி சுத்தியலைப் பார்த்தாள். கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன் நடைமுறை விதிகளை நிறைவேற்ற வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் "இடைமறிப்பு!" என்று கூவிக் கையைத் தூக்கலாம் என்பது விதி. இடைமறிப்பவரை இடைமறிக்கலாமா என்பதில் விதி தெளிவாக இல்லை. அதை விளக்க எழுந்தவரை ஒருவர் இடைமறித்தார். அவரை இடைமறிக்க எழுந்தவர், தான் செய்வது இடைமறிப்பா, அல்லது இடைமறிப்பைப் பற்றிய கருத்தா என்று தலைவர் முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்றார். தலைவர் தெளிவுபடுத்தத் தொடங்கியபோது மூன்று பேர் இடைமறித்தார்கள். கடைசியில் இடைமறிப்புக்கென்று ஒரு துணைக்குழு அமைத்து, அவர்களை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கூச்சல் நெடுநேரம் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

*

மத்தளக் கட்சியின் சார்பில் மாஸ் காலிஹ் எழுந்தார். தாடி வைத்த, களைத்த மனிதர்.

"நான் மத்தளத்தை ஒன்பது வருஷமா பராமரிக்கிறேன். நான் எதுக்காகப் பேசுறேன்? எனக்காகவா? இல்லை. சாதாரணப் பயனாளருக்காக. அந்த எளிய மனுஷனுக்காக! இந்த ரெண்டு வருஷத்துல மத்தளத்தைப் பத்தி ஒரு புகார் உண்டா? ஒண்ணு கூட இல்லை."

"அதுக்கு முன்னாடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கு முன்னாடி புகார் சொல்ல ஒரு பக்கம் வெச்சிருந்தோம். அதுல நிறைய வந்துக்கிட்டே இருந்ததால மூடிட்டோம். மூடினதுக்கப்புறம் தரம் எவ்வளவு உயர்ந்திருக்குன்னு நீங்களே பாருங்க."

அடுத்துப் புல்லாங்குழல் கட்சியின் ம்பாக் நஸ்திதி, அதாவது நஸ்திதி அக்கா. துடியான பெண். மேடைக்கு வந்ததும் மடிக்கணினியை மண்டபத்தின் ஒலிபெருக்கியில் செருகினாள். கமெலான் என்ற ஜாவாவின் வெண்கல மணியிசை பொங்கிவந்து கூரைத் தகடுகளை அதிரச் செய்தது. முர்தினி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"வருதே! சத்தம் வருதே! இது குக்காங்தானே? இதையே எங்களுக்குக் கொடுத்துடுங்க ம்பாக்!"

நஸ்திதி கொஞ்சம் சங்கடப்பட்டாள். "இது என் சொந்தக் கம்ப்யூட்டர் இபு. இதுல குக்காங் இல்லை. நான் வேலைக்குப் போறவ. எனக்கு நம்பகமா ஒண்ணு வேணுமில்ல?"

"அப்ப புல்லாங்குழல் எப்படி இருக்கும்?"

"புல்லாங்குழல் இன்னும் சத்தம் போடலை. ஆனா அதோட வடிவமைப்பு இருக்கே, அவ்வளவு சுத்தம்! சத்தம் போட ஆரம்பிச்சா அது மாதிரி ஒண்ணு உலகத்துலயே இருக்காது. டீஃபால்ட்ங்கிறது பயனாளரைவிட நாலு அடி முன்னாடி இருக்கணும். சாதாரணப் பயனாளர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே!" என்றார் காலிஹ்.

"போன வருஷம் மூணு அடின்னு சொன்னேன்!"

முர்தினி திரும்பி, பக்கத்து வரிசையில் திறந்திருந்த மடிக்கணினிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். ஒருவர் வேறு நிறுவனத்தின் இயங்குதளத்தில் இருந்தார். ஒருவர் தானே உருவாக்கிய ஒன்றில் இருந்தார். அதில் திரை மட்டும் வேலை செய்தது. குக்காங் வைத்திருந்த சிலரும் அதன் டீஃபால்ட் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததை வைத்திருந்தார்கள்.

"மாஸ், டீஃபால்ட்டை யாருமே வெச்சுக்கலையே?" என்று, பதிவு மேசையை விட்டு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பயுவிடம் கேட்டாள்.

"எங்களுக்கு எதுக்கு இபு? எங்களுக்குத்தான் மாத்தத் தெரியுமே. அது சாதாரணப் பயனாளருக்கு."

"அவங்க எங்க?"

பயு மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு முர்தினியைப் பார்த்தார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது. "இபு... நீங்க எதையும் மாத்தாம, வந்தபடியேவா வெச்சிருக்கீங்க?"

"ஆமா. மாத்தினா அழிஞ்சுபோயிடும்."

பயு எழுந்து நின்று, நடுங்கும் குரலில் அறிவித்தார். "தலைவரே! மண்டபத்துல ஒரு பயனாளர் இருக்காங்க!"

*

அதுவரை எல்லோரும் பயனாளருக்காகப் பேசியிருந்தார்களே தவிர, ஒருவரும் பயனாளரைப் பார்த்ததில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். காலிஹ், தான் கற்பனை செய்திருந்த பயனாளர் ஆண் என்றும், இன்னும் கொஞ்சம் ஒல்லி என்றும் நண்பரிடம் சொல்வது கேட்டது.

"அவங்க பேசட்டும்!" என்று மண்டபம் முழங்கியது.

"பேச முடியாது," என்றார் விரத்மோ வருத்தத்தோடு. "அவங்க பார்வையாளர். எதையாவது பராமரிச்சாத்தான் பேச்சுரிமை. விதியை நானா எழுதினேன்?" கொஞ்சம் யோசித்து, "நான்தான் எழுதினேன். ஆனா அப்ப இப்படி நடக்கும்னு தெரியாது," என்றார்.

ஆதரவற்று நிற்கும் தொகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். திரையின் பின்னணிப் படம் இருந்தது. அதைப் பராமரித்தவர் கல்யாணமாகிக் கலிமந்தான் தீவுக்குப் போய்விட்டார். அதை முர்தினியிடம் ஒப்படைத்தார்கள். தொக். கைதட்டல். பயு ஓடிவந்து, அவள் மடியில் ஒரு ரிசோலை வைத்தார்.

"இடைமறிப்பு!" என்று காலிஹ் கையைத் தூக்கினார். "பின்னணிப் படத்துப் பராமரிப்பாளருக்கு ஒரு கேள்வி. படத்துல தேவாங்கு ஏன் இடது பக்கம் பார்க்குது? புல்லாங்குழல் கட்சி எப்பவும் இடது பக்கம்தான் உட்காருது. இது தற்செயலா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே கொடுத்தீங்க!"

"எல்லாப் பராமரிப்பாளரும் இதையேதான் சொல்றாங்க," என்றார் காலிஹ் கசப்போடு.

ஒருவழியாக ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது. வகுப்பில் பேசிப் பழகியவள், நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் பேர் முர்தினி. எங்க பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல சத்தம் வரலை. திங்கக்கிழமை பரீட்சை. பிள்ளைங்க இந்த மார்க்கை வெச்சுத்தான் வேலைப் பயிற்சிக்குப் போகணும். எனக்கு மத்தளமும் தெரியாது, புல்லாங்குழலும் தெரியாது. எதுவானாலும் சரி. சத்தம் வந்தாப் போதும்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. விரத்மோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குத்தான் நான் மத்தளம்னு சொல்றேன்!" என்றார் காலிஹ்.

"இதுக்குத்தான் நான் புல்லாங்குழல்னு சொல்றேன்!" என்றாள் நஸ்திதி.

முர்தினிக்கு ஒரு பாராட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அதில் வேறு யாருடைய பெயரோ பொறித்திருந்தது. அவர் வரவில்லை என்பதால் பரவாயில்லை என்றார்கள். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் முறையாக, பிறகு விரல்களைக் காட்டிக்கொண்டு ஜாலியாக ஒன்று.

"கையைத் தூக்கச் சொல்லி எண்ணிடலாமே பாக்?" என்று முர்தினி தலைவரிடம் கெஞ்சினாள். "நான் வகுப்புல அப்படித்தான் பண்ணுவேன்."

விரத்மோ அதிர்ந்துபோனார். "எண்ணுறதா? இபு, நாம கலந்து பேசி ஒருமனப்படுற ஜனங்க. எண்ணினா யாரோ ஒருத்தர் தோத்துப்போவார். அவர் கோவிச்சுக்கிட்டுப் போய்ச் சொந்தமா ஒரு லினக்ஸ் ஆரம்பிப்பார். இந்த ஊர்ல மட்டும் அப்படி நாலு இருக்கு. ஒருமனம்னா எல்லாரும் ஒத்துக்கிறதுன்னு நினைக்கிறீங்களா? மறுத்துப் பேச எவனுக்கும் தெம்பு இல்லாத நேரத்துக்குப் பேருதான் ஒருமனம். அது வரும். எனக்கு அனுபவம் இருக்கு. பொறுமையா இருங்க."

*

அது பிற்பகல் சாயும் வேளையில் வந்தது. ரிசோல்கள் தீர்ந்திருந்தன. வராந்தாவில் துணைக்குழு கூட ஓய்ந்துவிட்டது. காலிஹ் மேசையில் தலைவைத்துப் படுத்திருந்தார். நஸ்திதி ஒரு காகிதக் கோப்பையை நுண்ணிய துண்டுகளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

விரத்மோ இரண்டு கட்சிகளுக்கும் பொதுவான ஒரு வாசகத்தைத் திரையில் காட்டினார்: 'மத்தளம் ஒலிக்கட்டும், புல்லாங்குழலுக்கு வாய் வரும் நாளில் அது தொடரட்டும்.'

"மறுப்பு உண்டா?"

ஒருவரும் பேசவில்லை. காலிஹ் தலையைத் தூக்கவில்லை. நஸ்திதி கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறுப்பு உண்டா, இரண்டாம் முறை?"

பயு இதழோரம் 'இதோ, இதோ' என்று முணுமுணுத்தார். விரத்மோ சுத்தியலைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

அப்போது சன்னலுக்கு வெளியே கேட்டது: தொக், தொக்.

சுத்தியல் காற்றிலேயே நின்றது.

"ரெண்டு தட்டு," என்றார் காலிஹ், தலையைத் தூக்கி.

"ரெண்டு தட்டு," என்றாள் நஸ்திதி. அன்று முழுவதும் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"அது சுத்தியல் இல்லை!" என்று முர்தினி கத்தினாள். "வெளியே மீ கோடோக் வண்டி! நூடுல்ஸ்காரர் கட்டையைத் தட்டுறார்!"

விரத்மோ விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவருடைய முகம் இருண்டது. "'மண்டபத்தில் இரண்டு தட்டுக் கேட்டால் கூட்டம் நிறுத்தம்.' அவ்வளவுதான் இருக்கு. எதால தட்டணும்னு இல்லை. யார் தட்டணும்னும் இல்லை."

"அப்ப நீங்க நீக்குங்க பாக்!"

"தட்டினவர்தான் நீக்கணும் இபு. நான் ஒரு வருஷம் சோறு தின்னுக்கிட்டு இருந்தது எதுக்காகன்னு நினைக்கிறீங்க?"

முர்தினி எழுந்து ஓடினாள். தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்த தள்ளுவண்டியைப் பிடித்து, காங், அதாவது அண்ணன், என்று ஊரே அழைக்கும் அதன் சொந்தக்காரர் ரெபோவை மண்டபத்துக்குள் இழுத்துவந்தாள். நூடுல்ஸை விட்டு வர மாட்டேன் என்று அவர் வண்டியையும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூண்டு வாசனை மண்டபமெங்கும் பரவியது. நாள் முழுதும் லெம்பெரும் ரிசோலும் கொள்கையும் மட்டுமே உண்ட கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மதிப்புக்குரிய காங் ரெபோ," என்று விரத்மோ எழுந்து நின்று தொடங்கினார், "விதிப்படி, நிறுத்தினவர் கையிலதான் கூட்டம் இருக்கு. இப்ப இந்தக் கூட்டத்தோட தலைவர் நீங்கதான்."

"எத்தனை தட்டு?" என்றார் ரெபோ.

"ரெண்டு!" என்றாள் முர்தினி அவசரமாக. "ரெண்டு தட்டுங்க காங், அப்புறம் நான் சொல்லும்போது ஒண்ணே ஒண்ணு."

"தட்டு நூடுல்ஸ் எத்தனைன்னு கேட்டேன். ஆளுக்கு ஒண்ணா?"

"முதல்ல கட்டையைத் தட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ரெபோ தோளைக் குலுக்கிக்கொண்டு கட்டையை எடுத்தார். தொக், தொக். நிறுத்தம் நீங்கியது. முர்தினிக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரே தட்டு. திரையில் வாசகம் அப்படியே இருந்தது.

ஆனால் ரெபோவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எனக்குக் காரம் வேண்டாம், எனக்கு முட்டை இரண்டு, எனக்குக் குழம்பு அதிகம் என்று ஆளாளுக்குக் கூவினார்கள். குழப்பமாக இருக்கிறது, யாராவது எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ரெபோ சொன்னார். பயு கடமை தவறாதவர். திரையில் தெரிந்த கூட்டக் குறிப்பு அவருடைய மடிக்கணினியில்தான் திறந்திருந்தது. விரல்கள் அதன் மேல் இருந்தன. எழுதினார். வாசகம் மெல்ல மேலே நகர்ந்து திரையை விட்டு மறைந்தது.

"மாஸ் பயு, வேண்டாம், நிறுத்துங்க!"

அதற்குள் முதல் தட்டுத் தயாராகிவிட்டது. ஒவ்வொரு தட்டும் தயாரானதும் கட்டையை ஒருமுறை தட்டி அழைப்பது ரெபோவின் இருபது வருடப் பழக்கம்.

தொக்.

"யாருப்பா மீ கோடோக், காரம் தூக்கலா, கோஸ் இல்லாம?"

மண்டபம் திரையைப் பார்த்தது. வாசகம் இருந்த இடத்தில், திரையின் முதல் வரியில் எழுதியிருந்தது: 'மீ கோடோக், காரம் தூக்கலாக, கோஸ் இல்லாமல்.'

விரத்மோ தொண்டையைச் செருமினார்.

"மறுப்பு எதுவும் வரலை. தலைவர் ஒரு தட்டுத் தட்டிட்டார். குக்காங் லினக்ஸோட டீஃபால்ட் ஒலி நிரல்..." அவர் மறுபடியும் திரையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். "அதுதான்."

"அது நூடுல்ஸ், பாக்!" என்றாள் முர்தினி. அவளுக்கு அழுகை வந்தது.

"மறுபரிசீலனைக்கு வழி இருக்கு இபு. அடுத்த வருஷக் கூட்டத்துல."

அவள் எதிர்பார்த்ததுபோல காலிஹ் கோபப்படவில்லை. நஸ்திதியும் கோபப்படவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சந்தேகத்தோடு, பிறகு ஒரு புதிய கனிவோடு.

"புல்லாங்குழல் வரலை," என்றார் காலிஹ்.

"மத்தளமும் வரலை," என்றாள் நஸ்திதி.

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். யாரோ தேம்பினார்கள். குக்காங்கின் வரலாற்றில் இப்படியொரு ஒருமனம் ஏற்பட்டதில்லை என்று விரத்மோ சொன்னபோது, எல்லோர் வாயிலும் நூடுல்ஸ் இருந்ததால் மறுப்பார் இல்லை. அதைத் தொகுப்பாக மாற்ற, காலிஹும் நஸ்திதியும் இணைத்தலைவர்களாக ஒரு குழு அப்போதே அமைந்தது. எல்லோருக்கும் பரிமாறி முடித்த ரெபோ, போகும்போது வழக்கம்போல மூன்று தட்டுத் தட்டினார். கூட்டம் விதிப்படி நிறைவடைந்தது.

*

ஒரு விஷயத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பொய் சொல்லவில்லை. திருத்தம் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை முர்தினி கணினி அறையைத் திறந்து எல்லாவற்றையும் போட்டதும், முப்பது திரைகளிலும் ஒரு சிறு கட்டம் எழுந்தது. 'டீஃபால்ட் ஒலி: மீ கோடோக், காரம் தூக்கலாக, கோஸ் இல்லாமல். வெற்றிகரமாக நிறுவப்பட்டது.' அவள் ஒலியைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினாள். நூடுல்ஸ் கிண்ணம் ஒன்றின் படம் வந்தது. மிக நன்றாக எடுத்திருந்தார்கள். ஆவி கூடத் தெரிந்தது.

பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாவட்டத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்தவர் பாக் சுதார்கோ என்ற கனத்த மனிதர். ஒழுங்காகத் தலைவாரியிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா இபு?"

"ஆரம்பிக்கலாம் பாக்."

கணினிகள் ஒருமுறை அணைந்து எழுந்தன. ஆணும் பெண்ணும் பேச வேண்டிய நேரம் வந்தது. அறையில் மின்விசிறி மட்டும் சுழன்றது. முப்பது முகங்கள் கணினியிலிருந்து மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தன.

முர்தினி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வசனத்தாளை எடுத்தாள். அளவுகோலால் மேசையை ஒருமுறை தட்டினாள்.

"மன்னிக்கணும், என் பெட்டியைக் காணலை," என்று ஆங்கிலத்தில், வயிற்றிலிருந்து வந்த ஓர் ஆண்குரலில் சொன்னாள். ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்து, குரலை மெல்லியதாக்கி, "கவலைப்படாதீங்க சார், அது என்ன நிறம்?" என்றாள். மறுபடி இடப்பக்கம் வந்து பெட்டியைத் தொலைத்தாள். விமான அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் கையைக் குவித்து வாயில் வைத்து அறிவித்தாள். ஒரு பிள்ளை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது, ஆனால் எழுதியது. எல்லோரும் எழுதினார்கள்.

முடிந்ததும் சுதார்கோ அவளருகே வந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை.

"சத்தம் கம்ப்யூட்டர்லேருந்து வரணும்னு விதி இபு. அனுப்புறவங்க என்ன டீஃபால்ட்டா வெச்சிருக்காங்களோ அதைத்தான் பயன்படுத்தணும்."

முர்தினி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க எதையுமே தேர்ந்தெடுக்கலை பாக். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானா வேலை செய்யறதுக்குப் பேருதான் டீஃபால்ட். இந்தப் பள்ளிக்கூடத்துல அது நான்தான்."

சுதார்கோ கணினித் திரையிலிருந்த நூடுல்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விடைத்தாள்களை வாங்கி உறையிலிட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டார்.

"ஆண்குரல் நல்லா இருந்துச்சு," என்றார் போகும்போது.

அறை காலியானதும் முர்தினியின் கைப்பேசி முனகியது. குக்காங் குழுவில் அவளை யாரோ சேர்த்திருந்தார்கள். தேவாங்கு இன்னமும் இடப்பக்கமே பார்க்கிறது, பராமரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்று காலிஹ் எழுதியிருந்தார். அது நேராகப் பார்க்க வேண்டும் என்று நஸ்திதி எழுதியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டால் எந்தப் பக்கமும் பார்க்காது என்று விரத்மோ ஒரு சமரசத்தை முன்வைத்திருந்தார். அதற்குள் "இடைமறிப்பு!" என்று ஆறு பேர் எழுதியிருந்தார்கள். கைப்பேசி விடாமல் முனகிக்கொண்டே இருந்தது.

முர்தினி யாரையும் கேட்காமல் அதன் ஒலியை அணைத்தாள்.